பண்ணை மீனையும் பண்ணை இறாலையும் பற்றிப் பொதுமக்களுக்கு எதைச் சொல்ல வேண்டும்?

உவர்மலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை நகரில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். அடுத்த தவணையில் எங்கள் பாடசாலையில் நடைபெறவுள்ள கண்காட்சியில், வளர்ப்பு மீன், இறால், சிப்பி முதலியவற்றைப் பற்றிப் பெற்றோருக்கும் அயலவருக்கும் விளங்கும்படி ஒரு பகுதியை அமைக்க என் மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். கடலை வாசலில் வைத்திருக்கும் ஊருக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நம் குடாவிலேயே கூண்டுகளில் கொடுவா வளர்க்கப்படுகிறது. குளத்தில் குஞ்சாக விடப்பட்டு வளர்ந்த மீன் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வருகிறது. புத்தளத்துப் பண்ணை இறாலை நாம் அறிந்தும் அறியாமலும் உண்கிறோம். ஆகவே இங்குள்ளவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை என்பது என் எண்ணம்.

மாணவர்கள் தங்கள் வீடுகளில் கேட்டுவந்த கருத்துகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. வளர்ப்பு மீனுக்கு மருந்தும் ஊசியும் போட்டுப் பெருக்க வைக்கிறார்கள் என்று சிலரும், கடல் மீனில்தான் சத்து உண்டு என்று சிலரும், குடாவைக் கூண்டுகள் பாழாக்குகின்றன என்று சிலரும், இனிமேல் வளர்த்துத்தான் மீன் உண்ண முடியும் என்று வேறு சிலரும் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பக்கமும் சாராமல், உண்மையான செய்திகளைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறோம். இத்துறையை அறிந்தவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லி உதவ வேண்டும்.

குடாக்கரை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். மீன்வளம் பயின்று, மீன்குஞ்சு பொரிப்பகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்; சற்று நீளமாக அமையும், பொறுத்தருளுங்கள்.

உலக அளவில் இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை முதலில் காட்டுங்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் வளர்ப்பின் மூலம் கிடைத்த நீர்வாழ் விலங்குகளின் அளவு 94.4 மில்லியன் தொன்னாக உயர்ந்து, பிடிபட்டவற்றின் அளவை முதன்முறையாகத் தாண்டியது. அதில் மிகப்பெரும் பகுதி ஆசியாவில் விளைந்தது. எனவே இது நாம் வேண்டாம் என்று ஒதுக்கிவிடக்கூடிய நிலையில் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் சீனத்துக் குளத்துக் கெண்டையும், நோர்வேயின் சமன் மீனும், ஈக்குவடோரின் இறாலும், கயிற்றில் தொங்கும் சிப்பியும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றை ஒரே தீர்ப்பால் அளப்பதுதான் இந்த விடயத்தில் எழும் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் என்பேன். மாணவர்கள் ஒவ்வோர் உயிரினத்துக்கும் தனித்தனியாக மூன்றைக் கேட்கட்டும்: அது எதைத் தின்கிறது, அதன் குஞ்சு எங்கிருந்து வந்தது, அது வாழ்ந்த நீர் எங்கே போகிறது.

நம் ஊரில் கொடுவாவிலிருந்து தொடங்குவதே பொருத்தம். கொடுவா நன்னீரிலும் உவர்நீரிலும் கடல்நீரிலும் வாழக்கூடிய மீன். மாரி காலத்தில் மகாவலி கொட்டியாரக் குடாவில் வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்போது நீரின் உப்புத்தன்மை குறைந்தாலும் அது தாக்குப்பிடிக்கும். இயல்பாக அது கடலோரத்திலும் கழிமுகத்திலும் முட்டையிடும். குஞ்சுகள் களப்பையும் ஆற்றையும் நாடி ஏறும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பின்னர் பெண்ணாக மாறும் என்பது உயிரியல் மாணவர்களைக் கட்டாயம் கவரும். பொரிப்பகத்தில் எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது தரம் பிரிப்பதுதான். சற்றே பெரிய குஞ்சு சிறியதை விழுங்கிவிடும் என்பதால், அளவு வாரியாக அவற்றை அடிக்கடி பிரித்து வெவ்வேறு தொட்டிகளில் இட வேண்டும். ஓரிரு நாள் தவறினாலே தொட்டியில் எண்ணிக்கை குறைந்துவிடும். கூண்டுக்கு மாற்றிய மீன் ஏறத்தாழ ஓராண்டில் அரைக் கிலோவைத் தாண்டும். இரண்டு ஆண்டுகளில் இரண்டு, மூன்று கிலோவாகும். இந்த வளர்ச்சி எந்த ஊசியாலும் வருவதில்லை. இளஞ்சூடான நீர், நேரம் தவறாத தீவனம், இயல்பிலேயே விரைந்து வளரும் இனம் ஆகியவைதான் காரணம்.

அந்தத் தீவனத்தில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. கொடுவா இரைபிடித்துண்ணும் மீன்; அதன் தீவனத்தில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட புரதம் இருக்க வேண்டும். அந்தப் புரதத்தின் ஒரு பகுதி மீன்தூளிலிருந்து வருகிறது. ஒரு கிலோ மீன்தூள் செய்ய நான்கைந்து கிலோ சிறுமீன் தேவைப்படுகிறது. உலகச் சந்தையில் அது பெரும்பாலும் பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்தலி இன மீன். கடலைக் காப்பதற்காக மீன் வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, கடலின் சிறுமீனை அரைத்துப் பெருமீனுக்கு ஊட்டுவது முறையா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. இன்று தீவனத்தில் சோயாவும் பிற தாவரப் புரதங்களும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. மீன் வெட்டும் ஆலைகளில் மிஞ்சும் தலை, முள், குடல் முதலியவற்றிலிருந்தும் மீன்தூளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கிடைக்கிறது. நல்ல குளிகைத் தீவனம் ஒன்றரைக் கிலோ அளவில் கொடுத்தால் ஒரு கிலோ கொடுவா கிடைக்கும். அதற்குப் பதிலாகச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில்லறை மீனை வெட்டிப் போட்டு வளர்த்தால் நான்கு கிலோவுக்கும் மேல் செலவாகும், நீரும் கெடும். ஆகவே வளர்ப்பவர் எதை ஊட்டுகிறார் என்பதைக் கேட்கும் பழக்கம் நுகர்வோருக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளத்து மீன் இதற்கு நேர்மாறானது. திலாப்பியா 1952ஆம் ஆண்டில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு நம் நாட்டுக் குளங்களில் விடப்பட்டது. அது நீரிலுள்ள நுண்பாசியையும் மக்கிய பொருட்களையும் தின்று தானாகவே வளர்கிறது. எவரும் தீவனம் போடுவதில்லை. கெண்டைக் குஞ்சுகளையும் நன்னீர் இறாற் குஞ்சுகளையும் குளங்களில் விட்டு, பின்னர் மீனவர் சங்கங்கள் பிடிக்கும் முறையும் அவ்வாறே. கடலுக்குத் தொலைவிலுள்ள விவசாயக் குடும்பங்களுக்கு மலிவான புரதம் இதனால் கிடைத்தது. 1990 முதல் 1994 வரை அரசு நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியிருந்த காலத்தில் குஞ்சு விடும் வேலை தடைப்பட்டதையும், பின்னர் அது மீண்டும் தொடங்கியதையும், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நீர்வாழ் உயிரின வளர்ப்பை மேம்படுத்துவதற்கென நாம் நக்டா என்றழைக்கும் அரச அதிகாரசபை அமைக்கப்பட்டதையும் மாணவர்கள் ஒரு காலக்கோட்டில் வரையலாம்.

இறால் பற்றி எழுதும்போது வடமேல் மாகாணத்தின் கதையை விட்டுவிடக் கூடாது. 1980களிலிருந்து சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளைச் சுற்றிக் கண்டல் காடுகளும் உவர்ச் சேற்று நிலங்களும் வெட்டப்பட்டுக் குளங்களாயின. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயும் களப்புகளும் அந்தப் பண்ணைகளை ஒன்றோடொன்று இணைத்திருந்தன. ஒருவர் வெளியேற்றிய நீரையே அடுத்தவர் உள்ளிழுத்தார். 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணை பண்ணையாகப் பரவியதற்கு இந்த அமைப்பே வழிவிட்டது. பலர் குளங்களைக் கைவிட்டுச் சென்றார்கள். பிற்காலத்தில் நிலத்தை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்தக் காலத்தில் குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி வகுத்து நோயைக் கட்டுப்படுத்த முயன்றார்கள். வெண்புள்ளி நோய் ஒரு வைரசால் வருவது. மனிதரைத் தாக்காது என்பதையும், அதற்கு எந்த அன்டிபயோடிக் மருந்தும் பயன்தராது என்பதையும் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

குடாவின் நீரைப் பொறுத்தவரை, கூண்டின் கீழே எஞ்சிய தீவனமும் கழிவும் படிவது உண்மைதான். அது எவ்வளவு பாதிக்கும் என்பதை ஆழமும் நீரோட்டமும் தீர்மானிக்கின்றன. நம் குடாவின் அடியில் கடற்பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்குவதால் ஆழமான, ஓட்டமுள்ள இடங்கள் உண்டு. தம்பலகாமக் குடாவைப் போன்று ஆழங்குறைந்து, வாய் குறுகி அடைபட்ட நீரில் அதே எண்ணிக்கையில் கூண்டுகளை வைத்தால் விளைவு வேறாக இருக்கும். இதை ஒரு வரைபடத்தில் காட்டினாலே பலருக்கு விளங்கிவிடும்.

கொட்டியாரத்தான்

குடாக்கரை அவர்கள் எழுதியவற்றை மறுக்கவில்லை. மூதூர்ப் பக்கம் மூன்று தலைமுறையாகக் கடற்றொழில் செய்யும் குடும்பத்திலிருந்து வருபவன் என்பதால், அவர் கேட்கச் சொன்ன மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: அந்த இடத்தில் அதற்கு முன்னர் யார் தொழில் செய்தார்கள்?

கடலுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கரைவலை இழுக்கும் இடம், இறால் வலை போடும் இடம், பெண்கள் மட்டி பொறுக்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் இருக்கிறது. எந்த வரைபடத்திலும் அது காணப்படாது. ஒரு கூண்டோ, ஒரு வேலியோ வரும்போது அதன் நங்கூரக் கயிறுகளும் எல்லை மிதவைகளும் சேர்ந்து, கூண்டின் பரப்பை விடப் பலமடங்கு இடத்தை மூடிவிடுகின்றன. சிறிய வள்ளத்தில் எண்ணெய் செலவைக் கணக்குப் பார்த்துத் தொழில் செய்பவர் சுற்றிப்போக வேண்டியிருக்கிறது. வடக்கில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரையோரங்களில் கடலட்டைப் பண்ணைகள் பெருகியபோது சிறு மீனவர்கள் எழுப்பிய எதிர்ப்பும் பெரும்பாலும் இதைப் பற்றியதே. கடலட்டைக்குத் தீவனம் வேண்டாம், அது சேற்றிலுள்ளதைத் தின்று வாழ்கிறது, நீரையும் கெடுப்பதில்லை. குடாக்கரை அவர்களின் அளவுகோலில் அது நல்ல மதிப்பெண் பெறும். ஆனாலும் ஆழங்குறைந்த கடலில் அறுகம்புல்லைப் போலக் கடற்புல் படர்ந்த இடங்களை வேலியடைத்துவிட்டால், அங்கே வளரும் ஓராவும் இறால் குஞ்சும் நண்டும் யாருக்குக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி.

வளர்ப்புத் தொழிலுக்கு நான் எதிரானவன் அல்லன். வாடைக்காற்றில் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் குடும்பத்துக்கு ஒரு வருமானமாக நண்டு கொழுக்க வைப்பதையும் சிப்பி வளர்ப்பதையும் நம் சங்கங்களே செய்யலாம் என்பதே என் விருப்பம். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி வளர்ப்புத் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த அனுமதி கொடுக்கப்படுவதற்கு முன்னர் அக்கரையில் தொழில் செய்பவர்களிடம் கேட்கப்பட்டதா என்பதை உங்கள் கண்காட்சியில் ஒரு கேள்வியாகவாவது எழுதி வையுங்கள், டீச்சர். மாணவர்கள் சிலர் நம் பிள்ளைகளாகவே இருப்பார்கள். அவர்கள் தங்கள் வீட்டாரின் தொழிலிடங்களை வரைபடத்தில் குறித்துக் காட்டினால் அதுவே நல்ல ஆய்வாகும்.

கிண்ணியா மீன்வாடி

டீச்சருக்கு அஸ்ஸலாமு அலைக்கும். மீன் வாங்கி விற்பவன் நான். கண்காட்சிக்கு வருபவர்களில் பாதிப் பேர் கேட்கப்போவது, சந்தையில் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான். ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வளர்ப்பு மீனா, கடல் மீனா என்பதைவிட, எப்போது பிடிபட்டது, பிடிபட்டதிலிருந்து ஐசில் இருந்ததா என்பவை வயிற்றுக்கு முக்கியம். கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழ வேண்டும். கூண்டு மீனில் ஒரு வசதி உண்டு. எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பது தெரியும், எடுத்தவுடனேயே ஐஸ் தண்ணீருக்குள் போடப்படும். பல நாள் கலத்தின் அடிப்பெட்டியில் நாட்கணக்கில் கிடந்த கடல் மீனைவிட அது சில வேளைகளில் நல்ல நிலையில் இருப்பதை நானே பார்க்கிறேன். வளர்ப்புக் கொடுவாவில் கொழுப்பு சற்று அதிகம். பொரிப்பதற்கும் சுடுவதற்கும் நன்றாக இருக்கும். புளியாணத்துக்கு மழைக்காலத்தில் களப்பில் பிடிபடும் கொடுவாவைத்தான் எங்கள் வீட்டில் விரும்புவார்கள்.

இறாலின் தலை கறுத்திருந்தால் அது அழுகிவிட்டது என்று பலர் ஒதுக்குகிறார்கள். அந்தக் கறுப்பு இறாலின் உடம்பிலுள்ள ஒரு நொதியால் வருவது. வெட்டிய ஆப்பிள் கறுப்பதைப் போன்றது. மணமும் இறுக்கமும் சரியாக இருந்தால் சமைக்கலாம். சிலர் கறுக்காமல் இருப்பதற்காகச் சல்பைற்று மருந்தில் தோய்த்து எடுப்பதுண்டு. மூச்சிழுப்பு உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால், ஒரேயடியாகப் பளபளவென்றிருக்கும் இறாலை வாங்கும்போது விற்பவரிடம் கேட்பது நல்லது.

குளத்து மீனில் வரும் சேற்று மணத்தால் பலர் அதைக் கையாலும் தொடுவதில்லை. அது அசுத்தத்தின் மணம் என்று எண்ணத் தேவையில்லை. வெட்டிக் கழுவியபின் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவிச் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும்.

உவர்மலை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொட்டியாரத்தான் அண்ணா சொன்ன வரைபடத்தை மூதூர் மாணவர்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டார்கள். இரண்டு விடயங்களைக் குடாக்கரை அவர்கள் இன்னும் விளக்க வேண்டும். அன்டிபயோடிக் பற்றிய அச்சத்துக்கு நேரடியாக என்ன பதில் சொல்வது? கர்ப்பிணித் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் வளர்ப்பு மீன் உண்பது பற்றி என்ன சொல்வது? அத்துடன், வருபவர்கள் தங்கள் கண்ணால் பார்க்கக்கூடிய செய்முறை ஏதாவது உண்டா?

குடாக்கரை

மருந்தைப் பற்றிய அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 2000களின் தொடக்கத்தில் ஆசிய நாடுகள் சிலவற்றிலிருந்து சென்ற இறாலில் குளோரம்பெனிக்கோல், நைட்ரோபியூரான் ஆகிய தடைசெய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னரே ஏற்றுமதிச் சோதனைகள் கடுமையாயின. அனுமதிக்கப்பட்ட மருந்தைக் கொடுத்தாலும், அறுவடைக்கு முன்னர் குறித்த நாட்கள் அதை நிறுத்தி, மீனின் உடலிலிருந்து அது வெளியேற விட வேண்டும். எச்சத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மருந்தைக் கண்டபடி நீரில் கலப்பதால், அதற்கு அடங்காத பக்டீரியாக்கள் பெருகி, பின்னர் நமக்கு நோய் வரும்போது அந்த மருந்தே வேலை செய்யாமல் போகலாம். இதைத் தவிர்க்கும் வழிகளில் தடுப்பூசி ஒன்று. நோர்வேயில் சமன் மீனுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பின்னர் அங்கே அன்டிபயோடிக் பயன்பாடு மிகப்பெரிய அளவில் குறைந்தது. ஆகவே மீனுக்கு ஊசி போடுகிறார்கள் என்று ஒருவர் கோபப்பட்டால், சில இடங்களில் அந்த ஊசியே மருந்தைக் குறைத்திருக்கிறது என்று மாணவர்கள் பொறுமையாக எடுத்துச் சொல்லட்டும்.

கர்ப்பிணித் தாய்மாரைப் பொறுத்தவரை, கவனிக்க வேண்டியது பாதரசம். அது உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகச் செறிவதால், பல ஆண்டுகள் வாழ்ந்து பிற மீன்களைத் தின்ற சுறா போன்ற பெருமீன்களில் கூடுதலாக இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் அறுவடையாகும் வளர்ப்பு மீனில் பொதுவாக அது குறைவு. ஒமேகா மூன்று கொழுப்பு வளர்ப்பு மீனில் எவ்வளவு இருக்கும் என்பது அதன் தீவனத்தைப் பொறுத்தது. மீன் எண்ணெய் சேர்ந்த தீவனம் உண்ட கொடுவாவில் அது போதுமான அளவு இருக்கும். நம் கடலில் மலிவாகக் கிடைக்கும் சூடையும் சாளையும் இவ்விரண்டு வகையிலும் சிறந்தவை என்பதைக் கண்காட்சியில் மறவாமல் எழுதுங்கள். வளர்ப்பு மீனை அறிமுகப்படுத்தும் ஆர்வத்தில் அவற்றை விட்டுவிடுவது நியாயமாகாது.

செய்முறைக்கு மட்டியைப் பயன்படுத்துங்கள். ஒரே அளவான இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் களப்பு நீரை நிரப்பி, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் ஒரு சிட்டிகையைக் கரைத்து இரண்டையும் சம அளவில் கலங்கலாக்குங்கள். ஒன்றில் மட்டும் உயிருள்ள மட்டிகளை இடுங்கள். சில மணிநேரத்தில் மட்டியுள்ள தொட்டி தெளிந்துவிடும். மற்றது கலங்கியே இருக்கும். சிப்பிக்கும் மட்டிக்கும் தீவனம் ஏன் தேவையில்லை என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியதில்லை. ஆனால் அதே தொட்டியின் அருகில் இன்னொரு குறிப்பையும் வையுங்கள்: நீரை வடிக்கும் உயிரினம் நீரிலுள்ள கழிவுக் கிருமிகளையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். சில நச்சுப்பாசிகளின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. அதனால்தான் நகரக் கழிவுநீர் கலக்கும் இடங்களில் பொறுக்கிய சிப்பியையும் மட்டியையும் உண்ணக்கூடாது என்கிறோம். வளர்ப்புக்கும் நீர் சோதிக்கப்பட்ட இடமே வேண்டும்.

தொட்டிகளை வெயில்படாத இடத்தில் வைத்து, காலையில் ஒருமுறையும் நண்பகலுக்குப் பின் ஒருமுறையும் மட்டிகளை மாற்றுங்கள். கண்காட்சி முடிந்ததும் அவற்றை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எவரும் அவற்றைக் கறிக்குக் கொண்டுபோக வேண்டாம். களப்பு நீரை எங்கே எடுப்பது என்று தீர்மானிப்பதற்கு முன்னர் எனக்கு ஒரு தகவல் அனுப்பினால், சேறு குறைந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன்.